எண்ணெயில் ஊறும் பூண்டு: ஒரு வாரம் வெளியில் இருக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறோம். இருவரும் வேலைக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமையே அரைக் கிலோ பூண்டை உரித்து, மிக்சியில் அரைத்து, கெடாமல் இருக்க நல்லெண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையிலேயே பாட்டிலில் வைத்துவிடுகிறேன். வாரம் முழுக்க ரசம், குழம்பு எல்லாவற்றுக்கும் அதுதான். இதில் சத்து குறையுமா? இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கும் என் கணவர் தினமும் காலையில் இரண்டு பல் பச்சைப் பூண்டு சாப்பிடுகிறார். அது சரியா?

பதில்: சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்தோ, நாக்கில் வைத்துப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். கழுவினால் முழுக்கப் போகாது, கொதிக்கும் தண்ணீருக்கும் சாகாது. காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை அவை சும்மாதான் கிடக்கும். நீங்கள் எண்ணெய் ஊற்றியதும் காற்று அடைபட்டுவிடுகிறது. பூண்டில் புளிப்பு இல்லை. மும்பை சமையலறையின் வெக்கையும் சேர்ந்துகொண்டால் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். மணமும் நிறமும் அப்படியே இருக்கலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள். எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டை அங்கே குளிரில் வைக்காமல் விட்டிருந்தார்கள். இது அரிதான நோய்தான். ஆனால் வந்தால் மூச்சுத் தசைகளையே முடக்கிவிடும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது எல்லாம் இதன் அறிகுறிகள். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

‘அப்படியானால் பூண்டு ஊறுகாய்?’ என்று கேட்பீர்கள். அதில் எண்ணெய் மட்டும் காவல் இல்லை. புளியோ எலுமிச்சையோ தாராளமாக விழுகிறது, உப்பும் அள்ளிப் போடுகிறோம். அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி வளராது.

வேலை நெருக்கடி எனக்குப் புரிகிறது, அதனால் ஒரு வழி சொல்கிறேன். ஞாயிறன்று உரிப்பதை மட்டும் செய்யுங்கள். பல்லைப் பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் லேசாகக் கழன்று வரும். ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் விடாமல் மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். அரைத்துத்தான் வைக்க வேண்டும் என்றால் ஐஸ் தட்டில் ஒரு ஸ்பூன் அளவாக நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்துக்கொள்ளலாம். உரிக்காத பூண்டைக் காற்றோட்டமான கூடையில் போடுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பச்சை முளை விட்டிருந்தால் பயமில்லை, கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான்.

சரி, இப்போது சத்து. முழுப் பல்லை முகர்ந்தால் பெரிதாக வாசனை வராது. கத்தியின் பட்டைப் பக்கத்தால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், நொடியில் மூக்கில் ஏறும். பூண்டில் தனித்தனி அறைகளில் இருந்த அல்லின் என்ற பொருளும் ஒரு நொதியும் ஒன்று சேர்ந்து அல்லிசின் உண்டாவதுதான் அது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே தட்டியவுடன் எண்ணெயில் போடாமல் பத்து நிமிஷம் பலகையிலேயே விட்டுவிடுங்கள், அதற்குள் வெங்காயம் வதங்கிவிடும். அரைத்து நாள்கணக்கில் வைத்த விழுதில் அல்லிசின் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். இதே அல்லிசின்தான் தோலையும் எரிக்கிறது. மூட்டு வலிக்கு நசுக்கிய பூண்டை வைத்துக் கட்டி, கொப்புளத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் கணவர் விஷயம். குழம்பிலும் ரசத்திலும் விழும் பூண்டு அவருக்கு ஒன்றும் செய்யாது. பச்சையாகத் தினமும் சாப்பிடுவது வேறு. ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். பச்சைப் பூண்டுக்கும் ஓரளவு அதே குணம் உண்டு என்பதால் இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஈறில் ரத்தம் வருகிறதா, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போகிறதா என்று கவனியுங்கள். அவருடைய இதய மருத்துவரிடம் இந்தப் பழக்கத்தைச் சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் தொடரட்டும். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்தால், ஒரு வாரம் முன்பே பச்சைப் பூண்டை நிறுத்த வேண்டியிருக்கும். மாத்திரையை மட்டும் அவராக நிறுத்தவே கூடாது.