காலில் தொங்கும் சீட்டு

(அருங்காட்சியகப் பறவைப் பிரிவில் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பறவைகளைத் தூசி தட்டுவதுதான் உங்கள் வேலையா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: கோபமே இல்லை. என் மாமியாரும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தார். பெட்டியில் நிற்பவை கொஞ்சம்தான். மற்றவை உரித்துப் பஞ்சடைத்த தோல்களாக, பார்வையாளர்கள் நுழையாத அறைகளில், இழுப்பறைகளில் மல்லாந்து படுத்திருக்கும். கண் இருந்த இடத்தில் பஞ்சு தெரியும். காலில் ஒரு சீட்டு தொங்கும். எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது, ஆணா பெண்ணா, சேகரித்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் காலத்தில் பாதி அந்தச் சீட்டுகளோடுதான் போயிற்று. மங்கிய கையெழுத்தைப் படிக்க வேண்டும், பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ஆராய்ச்சியாளர்களுக்கு இரவல் அனுப்ப வேண்டும். அப்புறம் பூச்சி. எலும்புக்கூட்டில் ஒட்டிய சதையைத் தின்ன டெர்மெஸ்டிட் வண்டுகளை நாங்களே வளர்ப்போம். அதே வண்டு தோல்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு!

கேள்வி: செத்த பறவையால் உயிரோடு இருக்கும் பறவைக்கு என்ன லாபம்?

பதில்: பிரிட்டனில் பொரி வல்லூறின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்துகொண்டிருந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை எடை போட்டு, நீள அகலத்தை அளந்து, புதியவற்றோடு ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்தே ஓடு மெலிந்திருந்தது. 1967இல் அதை வெளியிட்டார். காரணம் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மருந்து என்பது பிறகு உறுதியானது. அந்த முட்டைகளை எடுத்து வைத்தவர்களில் பலர் அந்த மருந்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிகாகோவில் ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்டு 1978 முதல் கட்டடங்களில் மோதிச் செத்த பறவைகளைப் பொறுக்கி வந்து அளந்துகொண்டே இருந்தார். 52 இனங்கள், 70,716 பறவைகள். வலசை போகும் பறவைகளின் உடல் சிறுத்து இறக்கை நீண்டிருப்பது 2019இல் அந்த அளவுகளிலிருந்துதான் தெரிய வந்தது.

சீட்டு பொய் சொன்னால்? அதுவும் நடந்தது. மைனர்ட்சாகன் என்ற சேகரிப்பாளர், வேறொருவர் சேகரித்த காட்டுச் சிறு ஆந்தையின் தோலைத் திருடி, 1914இல் குஜராத்தில் தானே பிடித்ததாகச் சீட்டில் எழுதி வைத்தார். தேடிப்போனவர்கள் தப்பான இடத்துக்குப் போனார்கள். பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அந்த மோசடியைக் கண்டுபிடித்தார். பிறகு அவரும் கூட்டாளிகளும் நம்பத்தக்க பழைய சீட்டுகள் காட்டிய பகுதிகளில் தேடி, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஆந்தையை உயிரோடு பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் உறுதியாகப் பார்க்காத பறவை அது.

கேள்வி: என் மகள் இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

பதில்: விலங்கியல், அப்புறம் பெரும்பாலும் முனைவர் பட்டம். மரபணு ஆய்வும் புள்ளியியலும் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஒரு சிட்டுக்குருவியின் தோலைக் கிழியாமல் உரிக்கக் கைப்பழக்கம் வேண்டும். குமட்டினால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பழைய தோல்களில் ஆர்செனிக் என்ற நஞ்சைப் பூசியிருப்பார்கள், கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். காலியிடங்கள் மிகக் குறைவு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் செய்த பெரிய தவறு?

பதில்: சேர்ந்த முதல் வருடம். இரண்டு கதிர்க்குருவிகள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாயல். நூல் நைந்திருந்ததால் இரண்டு சீட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தேன். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். எது எதனுடையது என்று தெரியவில்லை! ஊகித்துக் கட்டிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைப்பானேன். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு புதுச் சீட்டுகளைக் கொடுத்து, 'சீட்டு மாறியிருக்கலாம்' என்று எழுதி, தேதியும் என் பெயரும் போடச் சொன்னார். அந்த இழுப்பறையைத் திறந்தால் இன்றைக்கும் என் கையெழுத்துதான் முதலில் கண்ணில் படும்.