தர்பூசணியா, கோசாப்பழமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கோடைக் கட்டுரையில் 'தர்பூசணி' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மா கோசாப்பழம் என்பார். அலுவலக நண்பரோ இரண்டுமே தவறு, தண்ணீர்ப்பழம்தான் தமிழ் என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?

கே.

அன்புள்ள கே.,

அம்மாவைத் திருத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தர்பூசணி பாரசீகத்துத் 'தர்பூஸ்' வழியே வந்த சொல். 'தர்' என்றால் ஈரம். அந்தப் 'பூஸ்' தமிழ்க் காதில் விழுந்ததும் கொல்லையில் படரும் பூசணியாகிவிட்டது. வந்த சொல்லை இப்படி வீட்டுப் பிள்ளையாக்கிய வாய்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் அந்தச் சொல்லை விட மனம் வருவதில்லை.

ஈரானில் இன்று அதன் பெயர் 'ஹிந்தவானே', அதாவது இந்தியாவுக்குரியது. ஸ்பானியர்களின் 'சாந்தியா' அரபு வழியாகச் சிந்துவைச் சுட்டுகிறது. சீனத்தில் 'சீகுவா', மேற்கிலிருந்து வந்த பழம். ஹங்கேரியர்களுக்குக் கிரேக்க முலாம்பழம். ஈராக்கில் 'ரக்கி', சிரியாவின் ரக்கா நகரத்துப் பழம். ஆளாளுக்கு அடுத்த ஊரைக் கைகாட்டுகிறார்கள். தாய்மண்ணோ வடகிழக்கு ஆப்பிரிக்கா. சூடானின் கோர்டோஃபான் பகுதியில் விளையும் வெண்சதைப் பழமே இதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. பண்டை எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறையிலேயே தர்பூசணி விதைகள் கிடைத்திருக்கின்றன. இருந்தும் மேலே சொன்ன பெயர் ஒன்றிலும் ஆப்பிரிக்கா இல்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

இந்தப் பெயர்கள் ஒரே காயில் நிற்பதும் இல்லை. துருக்கியில் 'கார்பூஸ்' தர்பூசணி, 'காவுன்' முலாம்பழம். உக்ரைனுக்குப் போனால் 'காவுன்' தர்பூசணியாகிவிடுகிறது. ரஷ்யர் 'அர்பூஸ்' என்று தர்பூசணியைச் சொல்ல, அதே வேரில் பிறந்த 'ஹர்பூஸ்' உக்ரைனில் பூசணிக்காய். அந்தக் காலத்தில் அங்கே பெண் கேட்டு வந்தவன் கையில் ஒரு ஹர்பூஸைக் கொடுத்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். அவன் அதைச் சுமந்துகொண்டு ஊர் பார்க்க வீடு திரும்ப வேண்டியிருந்தது. பெயர் இப்படிக் காய் மாறுவது நம் பக்கத்திலும் உண்டு. மலபாரின் 'வத்தக்க', இலங்கைத் தமிழரின் 'வத்தகப்பழம்' இரண்டும் தர்பூசணி. கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள 'வட்டக்கா' சிங்களத்தில் பூசணி.

நண்பர் சொல்லும் தண்ணீர்ப்பழமும் நல்ல சொல்தான். மலையாளிகளின் தண்ணிமத்தன் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் அதற்காக மற்ற இரண்டையும் அடிக்க வேண்டியதில்லை. நான் தர்பூசணி என்றே எழுதுவேன்.

அம்மா எந்த ஊரில் 'கோசா' என்று கேட்டு வளர்ந்தார்? அவரிடம் கேட்டு எழுதுங்கள்.