உள்கதிர்வீச்சுக்கு முன்

அன்புள்ள அக்கா,

எனக்கு 51 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து வைக்கிற கரண்ட், அதாவது கதிர்வீச்சு, 25 நாள் முடிந்துவிட்டது. இனி உள்ளே கருவி வைத்து நாலு தடவை கொடுக்க வேண்டுமாம். முதல் பரிசோதனையிலேயே ஆண் டாக்டர், அவர் பின்னால் நாலைந்து மாணவர்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தாலே உடம்பு கூசுகிறது. "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு என்ன வெட்கம்" என்கிறார் நர்ஸ். வெளியே வைத்ததோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

நிறுத்தாதீர்கள். வெளிக்கதிர் இடுப்புப் பகுதி முழுவதற்கும் போகிறது. பக்கத்திலேயே குடலும் மூத்திரப்பையும் இருப்பதால் அதைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் மீதியைக் கொடுக்கத்தான் உள்கதிர்வீச்சு. வெளிக்கதிர் தொடங்கிய நாளிலிருந்து 8 வாரத்துக்குள் எல்லாம் முடிவது நல்லது என்பது மருத்துவர்களின் கணக்கு. தள்ளிப்போட உங்களுக்கு நாளில்லை.

அந்த நர்ஸ் பேசியது அபத்தம். பிரசவத்தோடு கூச்சம் போய்விடும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ! கூச்சப்பட்டுக்கொண்டே சிகிச்சை எடுக்கலாம், தப்பில்லை.

என் சித்திக்குத் துணையாக நான் போயிருக்கிறேன். அவருக்கு முதுகில் மரப்பு ஊசி போட்டார்கள். காலைத் தூக்கித் தாங்கியில் வைத்து, மூத்திரக் குழாய் போட்டு, கருவியை வைத்து, அது நகராமல் காஸ் துணியால் அடைத்தார்கள். பிறகு ஸ்கேன், கணக்குப் போடுதல், காத்திருப்பு. அசையாமல் படுத்திருக்கும் அந்த நேரம்தான் கொடுமை. கதிர் போவது சில நிமிடம்; அப்போது அறையில் யாரும் இருக்க மாட்டார்கள், வெளியிலிருந்து கேமராவில் பார்ப்பார்கள். சித்தியை உறுத்தியது வேறு: "ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப வராண்டாவுல காலு தெரியுதுடி." அடுத்த தடவை வீட்டிலிருந்து பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாய் மடித்துக் கொண்டுபோனேன். இடுப்பிலிருந்து பாதம்வரை மூடியது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கேட்பதை உடை மாற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்; படுத்த பிறகு குரல் வராது. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வரைந்த நோயாளிகள் உரிமைச் சாசனமே சொல்கிறது. மாணவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. "சொல்லிட்டுத் தொடுங்க டாக்டர்" என்று சொல்லலாம். காஸை உருவும்போது நன்றாக வலிக்கும், அதற்கு முன்பே வலி மருந்து கேளுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் யாரும் பரிசு தரப்போவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. எல்லாம் முடிந்தபின் பிறப்புறுப்பு உலர்ந்து, சுருங்கி, உள்ளே ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்க டைலேட்டர் என்று ஒரு குழல் உண்டு, ஜெல் தடவி நாமே வைத்துக்கொள்வது. பல டாக்டர்கள் இதைக் கடைசி நாளில் அவசரமாகச் சொல்வார்கள், சிலர் சொல்வதே இல்லை. 'இனி எனக்கெதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். சுருங்கிவிட்டால் பின்னால் ஒவ்வொரு செக்கப்பும் வலிக்கும், டாக்டருக்கும் சரியாகப் பார்க்க முடியாது. எப்போது தொடங்குவது, வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டு வையுங்கள். வாய் வரவில்லையென்றால் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள். சித்தி அப்படித்தான் கேட்டார், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில்.

அன்புடன்,
அக்கா