பொற்காலத்து இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டது யார்?

மனித நாகரிகத்தின் பொற்காலம் அழிந்தும் அதன் இயந்திரங்கள் மிஞ்சியிருக்கும் கதைகள் எங்கே தொடங்கின, அண்ணா?

ஒரே ஊற்றைக் காட்ட முடியாது. 1909இல் ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ கதையை முதலில் படியுங்கள். நிலத்தடி மக்களுக்குச் சாப்பாடு, காற்று, இசை எல்லாமே ஒரு இயந்திரம்தான். அதை முழுதாக அறிந்தவர் எவரும் இல்லை. பழுது பார்க்கும் கருவியே பழுதாகிறது, அவ்வளவுதான். 1934இல் வந்த ஜான் கேம்பெலின் ‘ட்வைலைட்’ இதற்கு நேரெதிர். எழுபது லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு மனிதருக்கு ஆர்வமே வற்றிவிட்டது, ஆளில்லாத ஊர்களில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பல்லாயிரம் ஆண்டு தூங்கிய ரோபோ கண் விழிப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

நான் நம்பமாட்டேன். 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்களைப் பாருங்கள். அவற்றுக்கு மின்சாரம் தரும் புளூட்டோனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 88 ஆண்டு. வருடத்துக்கு ஏறக்குறைய 4 வாட் குறைகிறது, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். காற்றும் ஈரமும் இல்லாத விண்வெளியிலேயே இந்தக் கதி!

தரையில், தண்ணீரில் இன்னும் மோசம். கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் எடுத்த வெண்கலக் கருவி சுமார் 2,000 ஆண்டு பழையது. கைப்பிடியைச் சுற்றினால் கிரகணம் வரும் மாதத்தைக் காட்டியிருக்கும். கிடைத்தபோது அது பாசி நிறத்தில் அரித்துப்போன கட்டி. உள்ளே 30 பற்சக்கரங்கள் இருப்பது எக்ஸ்ரே எடுத்த பிறகே தெளிவானது. ஒன்றுகூடச் சுழலாது.

அப்படியானால் கதாசிரியர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்?

கெட்டிக்காரர் ஆர்தர் கிளார்க். அவருடைய ‘தி சிட்டி அண்ட் த ஸ்டார்ஸ்’ நாவல் 1956இல் வந்தது, அவர் இலங்கையில் குடியேறியதும் அதே ஆண்டுதான். அதில் வரும் டயஸ்பார் நகரத்துக்கு வயது நூறு கோடி ஆண்டு. அங்கே அசையும் பாகம் உள்ள இயந்திரமே கூடாது. நகரத்தின் வரைவு முழுவதும் நினைவகத்தில் இருக்கிறது, தேய்ந்ததை அதைப் பார்த்தே மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. மனிதர்களையும் அப்படித்தான்! நினைவகத்தைக் காப்பது யார் என்று கேட்டால் கொஞ்சம் மழுப்புவார், விடுங்கள்.

‘வார்ஹாமர் 40,000’ என்ற போர் விளையாட்டின் கதையுலகம் எப்படி?

அதில் தொழில்நுட்பமே மதம். பூசாரிகள் தூபம் காட்டி, மந்திரம் சொல்லி, எண்ணெய் பூசுகிறார்கள். காரணம் மறந்துபோய்ப் பராமரிப்பு மட்டும் சடங்காக மிஞ்சியிருப்பது அருமையான யோசனை. போர்கள்தான் எனக்குச் சலிப்பு.

ரோபோ என்றால் மனிதனை அழிக்கத்தான் வேண்டுமா, சார்?

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘கேஸில் இன் த ஸ்கை’ (1986) அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆளில்லாத வான்தீவில் பாசி படர்ந்த ரோபோ ஒன்று தோட்டத்தைக் கவனிக்கிறது. சிறுவர்கள் வந்திறங்கிய கிளைடரை அது தூக்கும்போது நமக்குப் பயமாக இருக்கும். கீழே குருவிக்கூடு இருக்கிறது, அதற்காகத்தான்.

நானும் இப்படி ஒன்று எழுதுகிறேன். எங்கே ஆரம்பிக்கலாம்?

பொற்காலத்தை அழித்த போர் எப்படி மூண்டது என்ற முன்கதையைத் தள்ளிவையுங்கள். உங்கள் இயந்திரத்தில் முதலில் தேயும் பாகம் எது, அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று முடிவு செய்யுங்கள். அதைத் தேடி அது வெளியே வந்தாலே முதல் அத்தியாயம் தயார்.