பழைய விவசாயச் சுவரொட்டிகள்: தரகரின் மிரட்டலுக்குப் பணியாதீர்கள்

கேள்வி: என் தந்தை தக்கலைப் பக்கம் கிராம சேவகராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஐ.ஆர். 8 நெல், யூரியா, முதியோர் கல்வி பற்றிய சுவரொட்டிகள் ஒரு கட்டு கிடைத்தன. "நூறு வருடப் பொருள், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், என்னிடம் தந்துவிடுங்கள்" என்கிறார் ஒரு தரகர். லேமினேட் செய்து நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்தத் தரகரை வாசலோடு அனுப்புங்கள். ஐ.ஆர். 8 வெளிவந்ததே 1966இல்தான். அதைப் பயிரிடச் சொல்லும் தாளுக்கு எப்படி நூறு வயதாகும்? கீழோரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும்; அதோடு 'சென்னை அரசு' என்றும் இருந்தால், 1969 ஜனவரி 14இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியதற்கு முன் அச்சானது என்று கொள்ளலாம்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்தவற்றைத்தான் தொல்பொருள் என்கிறது. உரிமம் வேண்டியதும் அவற்றை விற்கும் வியாபாரிக்குத்தான். அந்தத் தரகரின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

ஒரே ஒரு விலக்கு, அது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும். வரலாற்று மதிப்புள்ள ஆவணமாக இருந்தால் 75 ஆண்டே போதும், சட்டத்துக்குள் வந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். ஆகவே கட்டுக்குள் மலையாளத்தில் அச்சான தாளோ, திருவிதாங்கூரின் சங்கு முத்திரையிட்ட சர்க்கார் அறிவிப்போ, 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையத்தின் பிரசுரமோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் 75 ஆண்டு கடந்ததைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "துபாயில் நண்பர் கேட்கிறார், கூரியரில் போட்டுவிடலாம்" என்று எவராவது சொன்னால், மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள்.

லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. மட்டமான மரக்கூழ்த் தாள் அதற்குள்ளேயே பழுத்து நொறுங்கும். செலோடேப்பும் வேண்டாம். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து துணியில் ஒட்டித் தருவார்கள். பூச்சி வராது என்பது உண்மைதான், ஆனால் பூச்சி செய்வதை மயில்துத்தம் நிதானமாகச் செய்து முடிக்கும்.

வெயிலில் காயப்போடாமல், மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு நாள் விரித்து வையுங்கள். முறுகிய மடிப்பை வலிந்து பிரிக்காதீர்கள். அமிலமில்லாத தாளை இடையிட்டு, தரையைத் தொடாத இரும்பு அலமாரியில் மட்டமாக அடுக்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. ஆனியிலும் ஐப்பசியிலும் பூஞ்சணமும் காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அரசிடம் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆயிரக்கணக்கில் அச்சடித்த துறைகள், கோப்புக்கு ஒரு பிரதிகூட வைக்காமல் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டவைதான் பெரும்பாலும். நீங்கள் எடுத்துப் போனால், எந்தப் பிரிவு வாங்குவது என்று தீர்மானிக்கவே ஒரு கோப்பு திறப்பார்கள்.

"நிபுணரிடம் காட்டிவிட்டு இரண்டு நாளில் தருகிறேன்" என்று கேட்பவரிடமும் கட்டைக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் செய்து, தேயிலைச் சாயம் ஏற்றிய நகலைத் திருப்பித் தருவது பழைய தந்திரம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், இங்க்ஜெட் நகலில் தூவியதுபோலச் சிதறிக் கிடக்கும். பெட்டியை வேறு யாரிடமும் காட்டுவதற்கு முன், ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும், அச்சக வரி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.