தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இன்னும் 320 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய பைக், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 176 காட்டுவது ஏன்?

80 கிலோமீட்டர்தானே ஓடியது, 240 அல்லவா இருக்க வேண்டும், டேங்க் கசிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கசிந்திருந்தால் பெட்ரோல் வாடையே முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

திரையில் தெரிவது அளவீடு அன்று, கணிப்பு. டேங்குக்குள் மிதக்கும் மிதவை தெரிவிக்கும் எரிபொருள் அளவை, அண்மையில் ஓடிய தூரத்தின் சராசரி மைலேஜால் பெருக்கியே அந்த எண் பெறப்படுகிறது. நகருக்குள் நிதானமாக ஓட்டியபோது லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைத்திருந்தால், 16 லிட்டருக்கு 320 வரும். இவ்விரு நகரங்களையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையோ கடல் மட்டத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதோடு, வேகம் 100-லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு 1.44 மடங்காகும்; பக்கப்பெட்டிகள் அதை மேலும் கூட்டும். மைலேஜ் 16 ஆகக் குறைந்தால் 80 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் செலவாகி, மீதமுள்ள 11 லிட்டருக்குத் திரை 176 என்றே காட்டும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

டேங்க் பைக்கின் சட்டகத்தின் (ஃபிரேம்) இருபுறமும் கவிந்திருப்பதால் மிதவை சீராக இறங்குவதில்லை. பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினாலும் அளவு மாறித் தெரியலாம். ஆகவே, ஒவ்வொரு முறை டேங்கை நிரப்பும்போதும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, ஓடிய தூரத்தை அடுத்த முறை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அதே சாலையில் இன்னும் உயரே வரும் வான் ரீனன் கணவாய் ஏறுமுன் நான் நம்புவது அந்த எண்ணைத்தான்.