சூரியகாந்தியை மறுபடி வரைவது: கேள்வி பதில்

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் சூரியகாந்திப் பூச்சாடி ஓவியத்தைக் கையால் வரைந்த நகலாக வாங்க நினைப்பவர்களும், தாங்களே வரைந்து பார்ப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஆயில் பெயின்ட்டில் நகல் வரைவதுதான் என் தொழில்.

அக்கா, ஒருவர் மஞ்சள் பின்னணியில் காட்டுகிறார், இன்னொருவர் நீலப் பின்னணியில் காட்டுகிறார். எது நிஜமான சூரியகாந்தி?

இரண்டும் நிஜம்தான். 1888 ஆகஸ்டில், பிரான்சின் ஆர்ல் ஊரில் வான்கோ நான்கு கேன்வாஸ்கள் வரைந்தார். நண்பரான ஓவியர் கோகன் வந்து தங்கப்போகும் வீட்டை அலங்கரிக்க நினைத்து எடுத்த வேலை அது. நான்கில் ஒன்று தனியாரிடம் இருக்கிறது. ஒன்று 1945-இல் ஜப்பானில் குண்டுவீச்சில் எரிந்துபோனது. வெளிர் நீலப்பச்சைப் பின்னணி கொண்டது மியூனிக்கில், முழுக்க மஞ்சளானது லண்டன் நேஷனல் கேலரியில். பிறகு அவரே இந்தக் கடைசி இரண்டையும் பார்த்து மறுபடி வரைந்தார். அவை ஆம்ஸ்டர்டாம், டோக்கியோ, பிலடெல்பியாவில் இருக்கின்றன.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது "சூரியகாந்தி வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "லண்டன் படம்", "மியூனிக் படம்" என்று ஊரைச் சொல்லுங்கள். ஒன்றின் பூவும் இன்னொன்றின் சாடியுமாகக் கலந்த நகல்கள் நிறைய விற்கின்றன. எந்த ஓவியத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்று கேட்டால் ஓவியரால் உடனே பதில் சொல்ல முடிய வேண்டும்.

அவரே நகல் எடுத்தார் என்றால், அவை அச்சு அசலாக ஒன்றுபோல இருக்குமா?

இருக்காது. டோக்கியோ படம் கோகன் வாங்கி வைத்திருந்த முரட்டுச் சணல் துணியில் வரையப்பட்டது, அதனால் பெயின்ட் உட்கார்ந்த விதமே வேறு. அதில் கையெழுத்தும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் படத்தில் மேலே இருக்கும் பூவுக்கு இடம் போதவில்லை, ஒரு மெல்லிய மரத்துண்டை மேலே சேர்த்து இடம் பண்ணினார். பூக்களின் இடம் மாறவில்லை, நிறமும் கோடும் மாறின. நல்ல நகலுக்கு இதுவே எனக்கு அளவுகோல்: இதழின் விளிம்பு இம்மி பிசகாமல் இருப்பதைவிட, பிரஷ் எந்தத் திசையில் போனது, பெயின்ட் எவ்வளவு தடிப்பாக நின்றது என்பது முக்கியம்.

மேடம், இணையத்தில் பார்க்கும் ஒவ்வொரு படத்திலும் மஞ்சள் வேறு வேறாக இருக்கிறது. எதை நம்பி வரைவது?

அருங்காட்சியகம் தானே வெளியிடும் உயர்தரப் படத்தை மட்டும் நம்புங்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. இன்று சுவரில் தொங்கும் மஞ்சள், வான்கோ பூசிய மஞ்சள் அல்ல. அவர் பயன்படுத்திய குரோம் மஞ்சள், அதாவது லெட் குரோமேட், வெளிச்சம் பட்டுப் பட்டு பழுப்பேறும் தன்மை கொண்டது. சல்பேட் அதிகம் கலந்த வெளிர் வகை சீக்கிரமே மாறும். அவருடைய ஓவியங்களிலிருந்து எடுத்த நுண்துகள்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, குரோமியத்தின் வேதிநிலை மாறுவதுதான் காரணம் என்று 2011-இல் விளக்கினார்கள். அவர் விரும்பி எடுத்த ஜெரேனியம் லேக் என்ற சிவப்பும் வெளுத்துப்போகும் சாயம்.

அப்படியானால் 1888-இன் நிறத்தை வரைவதா, இன்றைய நிறத்தையா? நான் இன்றைய நிறத்தையே வரைகிறேன். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது அது ஒன்றுதான். அதே சமயம், பழசாகத் தெரியட்டும் என்று மேலே பழுப்பு பூசிக் கொடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. லண்டன் படம் இன்றும் ஒளியோடுதான் இருக்கிறது.

குரோம் மஞ்சளை நீங்கள் வாங்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கிறது. காட்மியம் மஞ்சள் போதும், டியூபில் பிஒய்35 (PY35) என்ற குறியீட்டைப் பாருங்கள். அதுவும் நச்சுத்தன்மை உள்ளதே. காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், கையைக் கழுவுங்கள்.

கையால் வரைந்தது என்று சொல்லி பிரிண்ட்டைத் தலையில் கட்டுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

டார்ச்சை ஓவியத்தின் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பிரிண்ட் மேல் நிறமற்ற ஜெல்லைப் பூசி பிரஷ் தடம் உண்டாக்குவார்கள். அந்த மேடுகள் நிறத்தோடு ஒத்துப்போகாது. மேடு ஒரு பக்கம் வளையும், இதழ் வேறு பக்கம் வளையும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறம் சிறு புள்ளிகளாகப் பிரியும். நிஜ ஆயிலில் ஒரே பிரஷ் வீச்சில் இரண்டு மஞ்சள்கள் கலந்தும் கலக்காமலும் இழுபட்டிருப்பதைப் பார்க்கலாம்.

நானே வரைந்தேன் அக்கா. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தட்டையாகக் கிடக்கிறது.

எண்ணெயை அதிகம் ஊற்றியிருப்பீர்கள். டியூபிலிருந்து வரும் பெயின்ட்டை அப்படியே எடுங்கள். பூ வாடிவிடும் என்று விடியற்காலையிலேயே வரைய ஆரம்பித்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதாக வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதினார். அந்த வேகம் பெயின்ட்டில் தெரிய வேண்டும். பின்னணியை வழித்துச் சமமாக்கிவிடாதீர்கள். லண்டன் படத்தில் அது பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. சாடிக்கும் மேசைக்கும் உள்ள நீலக் கோட்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மெல்லிய நீலம் இல்லாவிட்டால் மஞ்சள் முழுவதும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

இன்னொன்று: அந்தச் சாடியில் பல பூக்கள் அடுக்கு சூரியகாந்தி, நடுவட்டம் தெரியாமல் பந்து போல இதழ் நிறைந்தவை. ஒரு மரபணு மாற்றத்தால் இப்படி ஆகிறது என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றையும் நமக்குப் பழக்கமான வட்டப் பூவாக வரைந்தால் ஓவியமே வேறாகிவிடும்.

வார்னிஷ் அடிக்கலாமா?

அவசரம் வேண்டாம். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமல்ல. தடிப்பான இடங்கள் உள்ளே காய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். பளபளப்பு வார்னிஷை நான் தவிர்ப்பேன், மேடுகளில் வெளிச்சம் தெறித்துக் கண்ணை உறுத்தும்.

சுருட்டி அனுப்புவதாகச் சொல்கிறார்கள், பரவாயில்லையா?

தடிப்பான ஓவியத்துக்குச் சட்டத்தில் அடித்து அனுப்புவதே நல்லது. வேறு வழியில்லை என்றால் அகலமான குழாயில், பெயின்ட் வெளிப்புறம் இருக்கும்படி சுருட்டச் சொல்லுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கும்.

"வின்சென்ட்" என்ற கையெழுத்தையும் போடலாமா மேடம்? சட்டச் சிக்கல் வருமா?

அவர் இறந்தது 1890-இல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, நகல் எடுக்கத் தடையில்லை. அசலென்று சொல்லி விற்றால்தான் குற்றம். சாடி மேல் உள்ள அந்தப் பெயர் ஓவியத்தின் பாகம் என்பதால் நான் வரைகிறேன். பின்பக்கம் என் பெயர், ஆண்டு, "நகல்" என்ற சொல் மூன்றையும் அழியாத மையில் எழுதுகிறேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று நகல் எடுப்பவர்கள் அசல் கையெழுத்தைப் போடக் கூடாது, அளவையும் மாற்றியாக வேண்டும்.

சின்ன அளவில் வாங்கினால் நன்றாக இருக்குமா?

லண்டன் படம் ஏறக்குறைய 92 × 73 சென்டிமீட்டர். இடம் இருந்தால் அதற்கு நெருக்கமாகவே வாங்குங்கள். ஓவியத்தைப் பாதியாக்கலாம், ஆனால் பெயின்ட்டின் கனம் அதே விகிதத்தில் குறையாது. அதே பிரஷ்ஷால் வரைந்தால் இதழ்கள் கட்டி கட்டியாக நிற்கும். சின்ன அளவுதான் வேண்டும் என்றால், ஓவியர் சிறிய பிரஷ்ஷில் முன்பே வரைந்த ஒரு நகலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.